யாருடைய தம்பி?

பெரம்பூரிலிருந்து பெசன்ட் நகர் போகும் 29சி பஸ்ஸில் ஒரு நாள் காலை, பத்து நிமிஷத்துக்குள் 'தம்பி' என்ற சொல் ஐந்து தடவை காதில் விழுந்தது. படியில் தொங்கிய கல்லூரிப் பையனைக் கண்டக்டர் அதட்டினார்: "தம்பி, உள்ள வா. விழுந்து வச்சா யாரு பதில் சொல்றது?" அடுத்த நிமிஷமே, லேப்டாப் பையோடு வழியை அடைத்து நின்ற, நாற்பது தாண்டிய ஒருவரிடம் அவரே, "தம்பி, கொஞ்சம் முன்னாடி போங்க" என்றார். கீரைக் கூடையோடு ஏறிய ஆயா, "தம்பி, ஒரு கை குடுப்பா" என்று யாரையும் பார்க்காமல் பொதுவாகச் சொன்னார். மூன்று பேர் கை நீட்டினார்கள். சில்லறைத் தகராறில் ஒரு பெரியவர் கண்டக்டரிடமே, "அஞ்சு ரூபாய்க்கு எதுக்குத் தம்பி இவ்ளோ பேச்சு?" என்றார். ஐந்தாவதாக, ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த இளம் தாய் மடியிலிருந்த குழந்தையிடம், "தம்பி, கைய வெளிய நீட்டாத."

ஐந்து பேரில் ஒருவர்கூட, கூப்பிட்டவருக்குத் தம்பி முறை இல்லை. அந்தக் குழந்தைகூட அவளுக்கு மகன்தான்.

தம்பியைப் பிரித்தால் தம் + பின் என்று வரும். தமக்குப் பின் பிறந்தவர். கடைசி 'ன்' பேச்சில் உதிர்ந்துபோனது என்பது வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம். இதற்கு ஜோடியாக 'தம்முன்' என்ற சொல் பழைய பாடல்களில் இருக்கிறது. அண்ணன் என்று பொருள். கண்ணனுக்கு மூத்தவனான பலராமனை அப்படித்தான் சொல்வார்கள். முன் ஒருவர், பின் ஒருவர். கணக்கு சரியாக இருப்பதால் விளக்கமும் நம்பும்படி இருக்கிறது.

ஆனால் எனக்கு அந்தப் 'பின்'னைவிட 'தம்'தான் சுவாரசியம். 'தம்' என்பது படர்க்கைக்கு உரியது. தன், தம், தங்கள் என்ற குடும்பத்தைச் சேர்ந்தது. அப்படியானால் தம்பி என்றால் முதலில் 'அவருடைய தம்பி' மட்டும்தான். என் தம்பியைச் சொல்ல வேறு சொல் இருந்தது: எம்பி. உன் தம்பிக்கு நும்பி, பிறகு உம்பி. சொல்லுக்குள்ளேயே 'யாருடைய' என்பது அடங்கிவிடும். தனியாக 'என்', 'உன்' போட வேண்டிய அவசியமே இல்லை.

தம்பி மட்டுமில்லை, வீடு முழுவதும் அப்படித்தான் இருந்தது. என் அம்மா யாய், உன் அம்மா ஞாய், அவருடைய அம்மா தாய். என் அப்பா எந்தை, உன் அப்பா நுந்தை, அவருடைய அப்பா தந்தை. பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்த குறுந்தொகை 40ஆம் பாட்டு நினைவிருக்கும்: "யாயும் ஞாயும் யாரா கியரோ, எந்தையும் நுந்தையும் எம்முறைக் கேளிர்." செம்புலப்பெயனீரார் இரண்டே வரியில் நான்கு பெற்றோரையும் நிறுத்திவிட்டார், 'என்', 'உன்' என்று தனிச்சொல் ஒன்றுகூடச் செலவாகவில்லை. இன்றைய தமிழில் அதைச் சொல்லிப் பாருங்கள்: "என் அம்மாவும் உன் அம்மாவும் யாரோ, என் அப்பாவும் உன் அப்பாவும் எந்த வகையில் சொந்தம்?" பொருள் வந்துவிடும், பாட்டு போய்விடும்.

இந்தச் சொற்களுக்கு இலக்கணத்தில் முறைப்பெயர் என்று பெயர். தொல்காப்பியம் ஓரிடத்தில், குற்றியலுகரம் சொல்லின் முதலில் வருவது ஒரு முறைப்பெயரில் மட்டும்தான் என்கிறது. அந்த ஒரே சொல் 'நுந்தை' என்று உரைகாரர்கள் காட்டுவார்கள். 'உங்கப்பா' என்ற சொல்லின் பாட்டன் அவ்வளவு சின்னதாக, வாய் முழுக்கத் திறக்காமல் உச்சரிக்கப்பட்டிருக்கிறது. ஏன் என்று தெரிந்துகொள்ளச் சின்னப் பையன்கள் சண்டை போடுவதைப் பார்த்தால் போதும் என்று தோன்றுகிறது. 'உங்கப்பா' என்பது எப்போதுமே வேகமாக வரும் சொல்.

பிறகு என்ன ஆயிற்று? முன்னிலையும் தன்மையும் மெதுவாகச் செத்துப்போயின. படர்க்கை மட்டும் தங்கியது. யாய் போய்த் தாய் நின்றது. எந்தை போய்த் தந்தை நின்றது. தம்பி, தங்கை, தமையன் (தம் + ஐயன்), தமக்கை (தம் + அக்கை) எல்லாம் 'த'வில் தொடங்குவது தற்செயல் இல்லை. எல்லாவற்றின் வாசலிலும் அந்தப் பழைய 'தம்' உட்கார்ந்திருக்கிறது. நாம் 'என் தம்பி' என்று சொல்லும்போது, சொல்லுக்குச் சொல் பார்த்தால், 'என்னுடைய அவருடைய பின்பிறந்தவர்' என்று உளறுகிறோம். யாருக்கும் உறுத்தவில்லை. எம்பி என்ற சொல் இன்று சென்னையில் டெல்லிக்குப் போகும் உறுப்பினரைக் குறிக்கிறது. இல்லாவிட்டால், கூட்டத்தில் குதிகாலை உயர்த்தி எட்டிப் பார்ப்பதை.

'த'வைப் பார்த்ததும் எல்லாவற்றையும் தம்பியோடு சேர்த்துவிடவும் கூடாது. சைவ மடங்களில் இருக்கும் தம்பிரானுக்கும் தம்பிக்கும் சம்பந்தமில்லை. அது தம் + பிரான், தம்முடைய தலைவன். ஒரே 'தம்', ஆனால் ஒருவர் பின்னால் நிற்கிறார், இன்னொருவர் தலைமேல் நிற்கிறார்.

அண்ணன் என்ற சொல்லோ வேறு வீட்டிலிருந்து வந்தது. அதில் 'தம்' இல்லை. அதை 'அண்' என்ற வேரோடு இணைப்பவர்கள் உண்டு: மேல் என்று பொருள். அண்ணாந்து பார்க்கிறோம், வாயின் மேற்பகுதி அண்ணம். அப்படிப் பார்த்தால் அண்ணன் மேலே, தம்பி பின்னே. பக்கத்து மொழிகளிலும் இதே ஜோடிதான். தெலுங்கில் அன்ன, தம்முடு. கன்னடத்தில் அண்ண, தம்ம. சென்னையில் தெலுங்கு பேசும் வீடுகள் ஏராளம் என்பதால் 'தம்முடு' இங்கே யாருக்கும் அந்நியமாகக் கேட்காது. மலையாளிகள் மட்டும் வீட்டில் 'அனியன்' என்பார்கள். தம்பியை அவர்கள் வேறு ஒரு வேலைக்கு வைத்துக்கொண்டார்கள், அதைப் பிறகு சொல்கிறேன்.

தம் என்றால் நம்மவர் என்ற ஒட்டுதல். பின் என்றால் வரிசையில் உனக்கு இடம் எனக்குக் கீழே என்ற அறிவிப்பு. தம்பி என்று கூப்பிடும் ஒவ்வொரு தடவையும் இரண்டும் சேர்ந்தே வாயிலிருந்து வெளியே வருகின்றன. எது ஓங்கி ஒலிக்கிறது என்பதைச் சொல்லைவிட, பின்னால் வரும் வினைச்சொல்தான் முடிவு செய்கிறது. "தம்பி, உள்ள வா" என்றபோது கண்டக்டர் அண்ணனாகிவிட்டார். அடிக்கவும் உரிமை உண்டு, காப்பாற்றவும் கடமை உண்டு. "தம்பி, முன்னாடி போங்க" என்றபோது தம்பியால் இறக்கியதை 'ங்க'வால் ஏற்றிவிட்டார். இந்த ஏற்ற இறக்கத்தை நம் ஊரில் யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. ஆனால் தப்பாகப் போட்டால் உடனே தெரிந்துவிடும். வண்டியை ஓரங்கட்டச் சொல்லும் போலீஸ்காரர் "தம்பி, லைசென்ஸ் எடு" என்றால் வயிற்றைக் கலக்கும். "எடுங்க தம்பி" என்றால் பேசித் தீர்க்கலாம் என்று அர்த்தம். தம்பி முன்னால் வருகிறதா பின்னால் வருகிறதா என்பதிலும் விஷயம் இருக்கிறது: முன்னால் வந்தால் கூப்பிடுகிறார்கள், பின்னால் வந்தால் தடவிக்கொடுக்கிறார்கள்.

கம்பனுக்கு இந்த நுணுக்கம் நன்றாகத் தெரியும். கங்கைக் கரையில் இராமன் குகனிடம் இலக்குவனைக் காட்டி "இளவல் உன் இளையான்" என்கிறான். தன் சொந்தத் தம்பியை, நேற்று அறிமுகமான படகோட்டிக்குத் தம்பியாக்கிவிடுகிறான். அதாவது குகனைக் கடைசியில் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை. இலக்குவனுக்கு மேலே செருகுகிறான். 'உன்னைச் சகோதரனாக நினைக்கிறேன்' என்று யார் வேண்டுமானாலும் சொல்லிவிட்டுப் போகலாம். தமிழில் அது போதாது. எத்தனையாவது சகோதரன் என்று சொல்லியாக வேண்டும்.

ஏனென்றால் தமிழில் வயது சொல்லாத சகோதரன் கிடையாது. அண்ணன் அல்லது தம்பி, இரண்டில் ஒன்று. பொதுச்சொல் வேண்டுமென்றால் சகோதரன் என்று வடமொழிக்குப் போக வேண்டும்; ஒரே வயிற்றில் பிறந்தவன் என்று அதற்குப் பொருள். அல்லது உடன்பிறந்தான் என்று நீட்ட வேண்டும். கருணாநிதி தன் கட்சிக்காரர்களை 'உடன்பிறப்பே' என்று அழைத்ததை இந்தக் கோணத்தில் பார்த்தால், அது வெறும் அலங்காரமாகத் தெரியாது. அதற்கு முன் அந்தக் கட்சியில் புழங்கிய சொல் வேறு.

1949 செப்டம்பரில் ராயபுரம் ராபின்சன் பூங்காவில் மழைக்கு நடுவே தி.மு.க.வின் முதல் பொதுக்கூட்டம் நடந்தபோது அண்ணாதுரைக்கு நாற்பது வயது. தலைவர் நாற்காலியை அவர் எடுத்துக்கொள்ளவில்லை. அது பெரியாருக்கானது என்று காலியாக விட்டுவிட்டுப் பொதுச்செயலாளர் ஆனார். பெரியாரைத் 'தந்தை' என்பார்கள், தொண்டர்களுக்கு 'ஐயா'. அப்பாவின் நாற்காலி காலி, மூத்த பையன் வீட்டை நடத்துகிறான்: எந்தக் கூட்டுக் குடும்பத்திலும் பார்க்கக்கூடிய காட்சி. அண்ணாதுரை என்ற பெயர் அண்ணா என்று சுருங்கியதும் தொண்டர்கள் எல்லாரும் தம்பிகளாகிவிட்டார்கள். 'திராவிட நாடு' இதழில் 1950களில் அவர் எழுதத் தொடங்கிய கடிதங்கள் "தம்பி!" என்று ஆரம்பித்து 'அண்ணன்' என்று கையொப்பத்தில் முடியும். மாதவரத்திலோ மன்னார்குடியிலோ சலூனில் உட்கார்ந்து பத்திரிகை படித்த ஒருவனுக்கு, அந்த 'தம்பி' தன்னைத்தான் என்று பட்டது. நெடுஞ்செழியனைப் பொதுச்செயலாளர் பொறுப்புக்கு அழைத்தபோது அண்ணா சொன்ன "தம்பி வா, தலைமையேற்க வா" இன்றும் மேடைகளில் ஒலிக்கிறது. பின் நிற்பவனை முன்னே வா என்கிறார். அந்த வரியின் வேகமே சொல்லுக்குள் இருக்கும் 'பின்'னை அது புரட்டிப்போடுவதில்தான் இருக்கிறது.

1969 பிப்ரவரி 3 அன்று அண்ணா மறைந்தார். மூன்று வருஷம் கழித்து எம்.ஜி.ஆர். தனிக்கட்சி தொடங்கியபோது, பெயரிலும் கொடியிலும் அண்ணாவையே வைத்துக்கொண்டார். தம்பிகள் பிரிந்தார்கள், அண்ணனை மட்டும் இரண்டு பேரும் விடவில்லை. பாகப்பிரிவினையில் வீட்டைப் பங்கு போடலாம், அப்பா படத்தை எப்படிப் பங்கு போடுவது என்று கேட்பார்களே, அந்த மாதிரி. பிற்பாடு சீமானின் ஆதரவாளர்களையும் ஊரே 'தம்பிகள்' என்றுதான் குறிப்பிடுகிறது. இன்றுவரை தொண்டனுக்கு அதைவிட நல்ல சொல்லை யாரும் கண்டுபிடிக்கவில்லை.

பங்கு என்றதும் பங்காளி ஞாபகத்துக்கு வருகிறார். பங்குக்கு ஆள் என்பதால் பங்காளி. அண்ணன் தம்பிகளும் அவர்கள் வழி வந்தவர்களும் ஒருவருக்கொருவர் அதுதான். 'தம்பி உடையான் படைக்கு அஞ்சான்' என்று சொன்ன அதே ஊர்தான் 'அண்ணன் எப்போ சாவான், திண்ணை எப்போ காலியாகும்' என்றும் சொல்லி வைத்திருக்கிறது. 'மூத்தது மோழை, இளையது காளை' என்பது மூன்றாவது. அதை வீட்டுக்கு மூத்த பிள்ளையான நான் எப்போதும் ஆட்சேபித்து வந்திருக்கிறேன்.

சரி, ரத்த உறவிலேயே தம்பி எதுவரை நீளும்? அப்பாவின் அண்ணன் பெரிய அப்பா, தம்பி சின்ன அப்பா. சித்தப்பா என்றால் அதுதான். அவர்களும் ஒருவகை அப்பா என்றால் அவர்கள் பிள்ளைகளும் அண்ணன் தம்பிதானே. பெரியம்மா, சித்தி பிள்ளைகளும் அப்படியே. ஆனால் மாமன் மகனும் அத்தை மகனும் தம்பி ஆக முடியாது. அவர்கள் மச்சான் பக்கம், சம்பந்தம் செய்யக்கூடிய பக்கம். அமெரிக்க மானுடவியலாளர் லூயிஸ் ஹென்றி மார்கன் உலகத்து உறவுமுறைகளைத் தொகுத்து 1871இல் வெளியிட்ட பெருநூலில் தமிழ் முறைக்கும் நியூயார்க் பகுதியின் செனெகா பழங்குடியினரின் முறைக்கும் இருக்கும் ஒற்றுமையைக் கண்டு வியந்தார். அவர்களும் அப்பாவின் சகோதரரை அப்பா என்பார்கள். அதை வைத்து அவர் கட்டிய முடிவுகள் நிற்கவில்லை, கவனித்தது நிற்கிறது. திராவிட உறவுமுறை என்று மானுடவியல் பாடத்தில் ஒரு வகையே இருக்கிறது. சென்னையில் இப்போது இந்த இரண்டு பக்கத்தையும் 'கசின்' என்ற ஒரே சொல்லில் போட்டுக் கலக்கிவிட்டோம். கல்யாண வீட்டில் பாட்டி யாராவது "கசின்னா? பங்காளியா, மாமன் மச்சானா?" என்று கேட்கும்போதுதான் பையன்கள் திருதிருவென்று விழிக்கிறார்கள்.

கடல் தாண்டிய தம்பிக்கு மரியாதை சரியாக அமையவில்லை. சிங்கப்பூர், மலேயா ஆபீஸ்களில் 'தம்பி' என்றால் ஃபைல் தூக்கும், டீ வாங்கிவரும் இந்திய ஆள் என்றாகிவிட்டது. சிங்களத்தில் 'தம்பியா' முஸ்லிம்களை இழிவாகக் குறிக்கும் சொல். வேற்று மொழிக்காரன் வாயில் போனதும் 'தம்' உதிர்ந்து 'பின்' மட்டும் மிஞ்சியது. திருவிதாங்கூரில் நேர் எதிராக நடந்தது. அங்கே மருமக்கள் தாயம். ராஜாவின் பட்டம் சகோதரி மகனுக்குப் போகும், சொந்த மகனுக்குப் போகாது. அந்த மகன்களுக்குக் கிடைத்த பட்டம் தம்பி, மகள்களுக்குத் தங்கச்சி. மார்த்தாண்ட வர்மாவை எதிர்த்து நின்ற பப்பு தம்பியும் ராமன் தம்பியும் முந்தைய ராஜாவின் பிள்ளைகள். ராஜா மகனாகவே பிறந்து, ஆயுள் முழுக்கப் 'பின்'னால் நிற்கச் சொன்னால் கோபம் வராதா?

தங்கச்சி என்றதும் ஒன்று. சென்னை ஆண்கள் தெரியாத ஆணைத் தயங்காமல் தம்பி என்கிறார்கள். தெரியாத பெண்ணைத் தங்கச்சி என்று கூப்பிடுவது அபூர்வம். 'ஏம்மா' என்பார்கள், அல்லது 'சிஸ்டர்'. தமிழில் சொன்னால் ஒட்டிக்கொண்டுவிடும் என்ற பயமோ என்னவோ. சகோதரிச் சொல்லைக் கொஞ்சம் விஷத்தோடு பயன்படுத்துவதும் பழைய வழக்கம்தான். ஐங்குறுநூற்றின் மருதப் பாட்டுகளில் பரத்தை, தலைவியைப் பற்றிப் பேசும்போது 'எவ்வை', அதாவது எங்கள் சகோதரி, என்கிறாள். அந்தச் சகோதரிக்குள் எவ்வளவு குத்தல் இருக்கிறது என்பது மாமியார் வீட்டில் வாழ்ந்த எவருக்கும் புரியும்.

பானிபூரி வண்டியில் இன்னொரு வேடிக்கை. "பையா, ஒரு பிளேட்" என்று கேட்கிறோம். இந்தியில் பையா என்றால் அண்ணன். தமிழ்க் காதுக்கோ அது பையனைக் கூப்பிடும் விளி. வண்டிக்காரர் தன்னை அண்ணன் என்கிறார்கள் என்று நினைத்துக்கொள்கிறார், வாங்குபவர் தம்பி என்று கூப்பிட்ட திருப்தியில் இருக்கிறார். அவர் பதிலுக்கு "அண்ணா, காரம் வேணுமா?" என்று கேட்கிறார். இங்கே வந்ததும் அவர்கள் முதலில் கற்கும் தமிழ்ச்சொல் அதுதான்.

இந்த ஊர் சாலை, நகர், பல்கலைக்கழகம், மேம்பாலம் என்று எல்லாவற்றையும் அண்ணாவுக்குக் கொடுத்துவிட்டது. தம்பிக்கு என்ன இருக்கிறது என்று தேடினால், மேற்கு மாம்பலத்தில் தம்பையா ரோடு இருக்கிறது. தம்பியும் ஐயாவும் ஒட்டிப்பிறந்த பெயர். அப்புறம், 2022இல் மாமல்லபுரத்தில் 44ஆவது செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது ஒரு குதிரை வந்தது. வேட்டி சட்டை கட்டி, கை கூப்பி நின்ற அந்தச் சின்னத்துக்குத் தம்பி என்று பேர் வைத்தார்கள். நேப்பியர் பாலத்துக்குக் கறுப்பு வெள்ளைக் கட்டம் அடித்தார்கள், ஊரெங்கும் குதிரைத் தம்பி நின்றது. அந்தப் பெயரில் யாருக்கும் குறை தெரியவில்லை. வந்தவர் அத்தனை பேருக்கும் இளையவனாக நின்று வரவேற்பதுதானே விருந்தோம்பல்.

வீட்டுக்குள் தம்பிகள் குறைந்துகொண்டே வருகிறார்கள். 2020ஆம் ஆண்டு மாதிரிப் பதிவுக் கணக்கின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.4 குழந்தை. அந்தப் புள்ளி நான்கில்தான் தம்பியும் தங்கையும் அடங்க வேண்டும். எங்கள் குடியிருப்பில் பதினாறு வீடு. தம்பி இருக்கும் குழந்தை எனக்குத் தெரிந்து மூன்று. ஒற்றைப் பிள்ளையைப் பெற்றவர்களும் அவனைத் தம்பி என்றே கூப்பிடுகிறார்கள், அண்ணனே இல்லாத தம்பி.

எனக்கும் அந்தச் சொல் மெல்ல நழுவிவிட்டது. முப்பதுகளில் தம்பி, பிறகு சார், பிறகு அண்ணே. போன வருஷம் மருந்துக் கடையில் ஒரு பெண் 'அங்கிள்' என்றாள், நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன், யாரும் இல்லை. இப்போது என்னைத் தம்பி என்று கூப்பிடுபவர் ஒருவர்தான் பாக்கி: தெருமுனையில் வேப்பமரத்தடியில் வண்டி போட்டிருக்கும் இஸ்திரிக்காரப் பெரியவர். எண்பதை நெருங்குகிறார். என் மகனையும் அவர் தம்பி என்றுதான் கூப்பிடுவார். ஞாயிற்றுக்கிழமை துணி வாங்கப் போனேன். கரிப்பெட்டியை ஓரமாக வைத்துவிட்டு, மூட்டையைப் பிரித்து எண்ணினார்: "பெரிய தம்பி சட்டை நாலு, சின்னத் தம்பி சட்டை மூணு. பேன்ட் ரெண்டு யாருதுன்னு தெரியல, நீங்களே பாத்துக்கங்க தம்பி."